தலவாக்கலைப் பாதையோரத்து மஞ்சள் பூவும் உண்மையான ஆவாரையும்

தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தோட்டத்து வீதி வளைவில் ஆள் உயரச் செடி ஒன்று மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. பூக்கதிர் நிமிர்ந்திருக்கிறது, நுனி மொட்டுகள் கறுப்பாக இருக்கின்றன, இலையைக் கசக்கினால் வறுத்த நிலக்கடலை வாசனை வருகிறது. அது ஆவாரை என்று பக்கத்து லயத்தில் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்குச் சீனி வியாதி. அந்தப் பூவைக் காயவைத்துத் தேநீர் போட்டுக் கொடுக்கலாமா? அது ஆவாரை இல்லையென்றால், அசல் ஆவாரையை வீட்டுப் பக்கத்தில் நட்டு வளர்க்க முடியுமா?

தம்பி, பறிக்க வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று அடையாளங்களும், அதாவது நிமிர்ந்த கதிரும் கறுத்த மொட்டும் அந்த வாசனையும், ஒன்றாகச் சேர்ந்து வருவது சென்னா டிடிமோபொட்ரியா என்னும் ஆப்பிரிக்கச் செடியில். ஆவாரையும் இதுவும் ஒரே பேரினம், ஆகவே பக்கத்து லயத்துக்காரர் குழம்பியதில் ஆச்சரியமில்லை. தேயிலைத் தோட்டங்களில் பசுந்தாள் உரத்துக்காக நட்ட செடிகளில் இதுவும் ஒன்று. நட்ட இடத்தோடு நிற்காமல் வீதியோரம், ஓடைக்கரை, கைவிட்ட மலை என்று பரவும் குணம் இதற்கு உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் இதன் இலையை இடித்து ஆற்றில் கலந்து மீன் பிடிப்பார்கள். மருந்தாகக் கொடுக்கும்போதும் கடும் பேதிக்குத்தான் கொடுப்பார்கள், அளவு மிஞ்சினால் ஆபத்து. சீனி வியாதியால் ஏற்கெனவே சிறுநீரகம் களைத்திருக்கக்கூடிய ஒருவருக்கு இதைக் காய்ச்சிக் கொடுத்து, வயிற்றுப்போக்கில் உடம்பு நீரெல்லாம் வற்றிப்போனால் ஆஸ்பத்திரி வாசலில்தான் நிற்க வேண்டிவரும்.

ஆவாரையை அடையாளம் காண எல்லோரும் சொல்லும் குறி, இலைக்காம்பின் அடியில் தண்டைத் தழுவி நிற்கும் காதுமடல் வடிவ இலைத்துண்டு. அதன் அறிவியல் பெயரான சென்னா ஆரிகுலாட்டாவும் அதைக் குறித்தே வைக்கப்பட்டது. ஆனால் இந்தக் குறியை மட்டும் நம்பினால் உங்கள் வளைவில் நிற்கும் செடியே உங்களை ஏமாற்றிவிடும். அதற்கும் அதே இடத்தில் அகலமான இலைத்துண்டு இருக்கிறது, கொஞ்சம் கூராக. ஆகவே அடுத்த படிக்குப் போக வேண்டும். ஒரு இலையை முழுதாகக் கிள்ளி எடுத்து, நடுக்காம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆவாரையில் ஒவ்வொரு இணைச் சிற்றிலைக்கும் நடுவில், காம்பின் மேல்பக்கத்தில், குண்டூசி முனை அளவில் ஒரு சுரப்பி நிமிர்ந்து நிற்கும். ஆப்பிரிக்கச் செடியின் காம்பில் அந்தச் சுரப்பி இருக்காது. ஆவாரை இலை குட்டையானது, உள்ளங்கைக்குள் அடங்கும். மற்றது ஒரு முழம் வரைகூடப் போகும். ஆவாரைப் பூ கிளை நுனியில் கொத்தாக விரியும், கறுப்பு மொட்டுக் கதிர் அதில் கிடையாது. காயும் வேறு. ஆவாரைக் காய் முற்றினால் கடதாசி போல மெலிந்து, உள்ளே விதை இருக்கும் இடமெல்லாம் வெளியே மேடுமேடாகத் தெரியும்.

பூவையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ஐந்து இதழும் ஒரே அளவில் இருக்காது. நடுவில் பத்து மகரந்தக் கேசரங்கள் உண்டு, அவற்றில் மேலே உள்ள மூன்று சூம்பிப்போனவை, மகரந்தம் தராதவை. மற்றவற்றிலும் மகரந்தம் சும்மா உதிர்ந்துவிடாது. நுனித் துளைக்குள் அடைந்து கிடக்கும். கருவண்டு போலிருக்கும் தச்சுத் தேனீ வந்து கேசரத்தைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிர வைத்தால்தான் அது வெளியே கொட்டும். பூத்த ஆவாரைப் புதர் அருகே காலையில் நின்றால் கேட்கும் விட்டுவிட்டு வரும் அந்த ரீங்காரம் இந்த வேலையின் சத்தம்தான்.

மலையகத்தில் மஞ்சளாகப் பூப்பவற்றுக்குப் பஞ்சமில்லை. ஹட்டன், நாவலப்பிட்டி, கண்டி வீதியோரங்களில் ஆண்டு முடிவை நோக்கிப் பெரிய பெரிய பூவாகச் சரிவையே மூடி நிற்பது மெக்சிக்கோவிலிருந்து வந்த காட்டுச் சூரியகாந்தி. நல்ல பசுந்தாள் உரம், படு கசப்பு, குடிக்கும் பொருளல்ல. ஹோட்டன் சமவெளியிலும் அம்பேவளைப் பக்கமும் முள்ளோடு மஞ்சளாக நிற்பது வெள்ளைக்காரர் கொண்டுவந்த கோர்ஸ். உலகின் மிக மோசமான நூறு படையெடுப்பு உயிரினங்களின் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. அதே உயரத்தில் ஐந்து அகன்ற இதழும் நடுவில் எண்ண முடியாத கேசரமுமாகப் பூக்கும் ஹைப்பெரிக்கம் நம் மலைக்கே சொந்தமான புதர். அதன் இலை ஒற்றை இலை, எதிரெதிராக நிற்கும், ஆகவே ஆவாரையோடு குழம்ப இடமில்லை.

இவற்றில் எனக்கு உண்மையான பயம் கிலுகிலுப்பை மேல்தான். தேயிலைக்கு இடையே பசுந்தாளாக இதன் சில இனங்களை விதைத்திருக்கிறார்கள். அவரைப் பூ வடிவ மஞ்சள் பூ, காய்ந்த காயை ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும், பிள்ளைகள் விளையாடுவார்கள். கிலுகிலுப்பைகளில் பைரோலிசிடின் அல்கலாய்டு என்னும் நச்சுப்பொருள் உண்டு. அது ஒரே நாளில் ஆளைக் காட்டிக்கொடுக்காது. சிறுகச் சிறுகக் குடித்தவரின் ஈரலுக்குள் இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்து, மாதங்கள் கழித்து வயிறு வீங்கும்போதுதான் தெரியவரும். அந்த நேரத்தில் காலையில் குடித்த கஷாயத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மஞ்சள் பூ என்ற ஒரே காரணத்துக்காக எதையும் காய்ச்சக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சரி, அசல் ஆவாரை எங்கே இருக்கிறது? கதிர்காமத்துக்குப் போயிருந்தால் நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள், பஸ்ஸில் தூங்காமல் இருந்திருந்தால். எல்ல என்னும் மலை ஊரிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் பாதை முப்பது கிலோமீற்றர்கூட இல்லை. இராவணன் நீர்வீழ்ச்சி தாண்டும்வரை ஈரமும் பாசியும். கீழே இறங்க இறங்கக் காற்று சுடும், மண் வெளிறும், மரங்கள் குட்டையாகும். வெல்லவாய தாண்டித் தணமல்வில, திஸ்ஸமகாராமப் பக்கம் போகும்போது வீதியோரப் பற்றைகளில் மஞ்சளாகத் தெரிவது அதுதான். அம்பாந்தோட்டை, புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம் என்று நாட்டின் உலர்ந்த பகுதிகளில் எல்லாம் அதற்கு வீடு உண்டு. சிங்களவர் ரணவரா என்பார்கள். தெற்கே வீதியோரக் கடைகளில் ரணவராத் தேநீரை ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டியோடு தருவார்கள். பழைய ஆங்கிலக் குறிப்புகளில் இதற்கு மாத்தறைத் தேயிலை என்றும் ஒரு பெயர்.

உலர் வலயம் என்று நம் நாட்டில் சொல்வது ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் நிலத்தை. 2,500க்கு மேல் போனால் ஈர வலயம். ஹட்டனுக்கு அந்தப் பக்கம் உள்ள வட்டவளையில் 5,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. ஆவாரை தன் ஆணிவேரைக் காய்ந்த மண்ணுக்குள் ஆழமாக இறக்கித் தண்ணீரைத் தேடிப் பிழைக்கும் செடி. உப்பும் சுண்ணாம்பும் கலந்த மண்ணைக்கூடப் பொறுத்துக்கொள்ளும். வேரடியில் ஈரம் தேங்கி நிற்பதைத்தான் அதனால் தாங்க முடியாது. தேயிலைக்கு வேண்டியதோ நேர் எதிரானது: நிறைய மழை, பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரையான புளித்த மண், முகில் மூட்டம். தேயிலை செழிக்கும் இடத்தில் ஆவாரையைத் தேடுவதில் பொருளில்லை.

நம் முன்னோர் வந்த இராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம் பக்கத்துக் கரம்புகளில் ஆவாரை மண்டிக் கிடக்கும். மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டு வழியாக நடந்த காலத்தில் வறண்ட பகுதியெல்லாம் அது கண்ணில் பட்டிருக்கும். மலை ஏறிய பிறகுதான் அது இல்லாமல் போயிற்று. தலைமுறை தாண்டியும் லயத்துப் பாட்டிமார் வாயில் ஆவாரை இருக்கிறது, செடியைப் பார்த்தவர் குறைவு. மஞ்சளாக ஏதாவது பூத்தால் அந்தப் பெயரை அதன்மேல் வைத்துவிடுகிறோம்.

இன்னொரு சங்கதி, கேள்விக்குத் தொடர்பில்லாவிட்டாலும் மலையகத்தார் தெரிந்துகொள்ள வேண்டியது. சிவனொளிபாத மலையை நோக்கிக் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் வெள்ளையும் இளமஞ்சளுமான வண்ணத்துப்பூச்சிகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவை உயிரை விடுவதற்காகவே மலைக்குப் போகின்றன என்று ஒரு நம்பிக்கை உண்டு. அந்தக் கூட்டத்தில் பெரும்பங்கு வகிக்கும் இனங்களில் ஒன்றின் புழு தின்று வளர்வது ஆவாரையும் அதன் உறவுச் செடிகளும்தான். வரண்ட நிலத்தில் மழை விழுந்து புது இலை துளிர்க்கும்போது புழுக்கள் பெருகுகின்றன, சிறகு முளைத்ததும் புறப்படுகின்றன. ஆவாரை மலைக்கு வராவிட்டாலும் அதன் இலையைத் தின்றவை வருகின்றன.

ஆவாரைப் பட்டைக்கும் ஒரு பெரிய வாழ்வு இருந்தது. துவர்ப்புச் சத்து மிகுந்த அந்தப் பட்டையில்தான் சென்னைப் பக்கத்துத் தோல்கள் பதனிடப்பட்டுச் சீமைக்குக் கப்பலேறின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாபிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை மலிவாக வந்து அந்தச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. அந்த வாட்டில் வகை மரங்களை நுவரெலியாப் பக்கம் விறகுக்காக நட்டிருக்கிறார்கள், அதுவும் மஞ்சளாகத்தான் பூக்கும். அதையும் யாராவது ஆவாரை என்று சொல்லிவிடப் போகிறார்கள்.

இனி, நட்டு வளர்க்கும் கேள்வி. தலவாக்கலையில் வேண்டாம் என்பதே என் கருத்து. நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை அளவில்தான் இருக்கிறது, தை மாசி இரவுகளில் உறைபனியும் விழும். நீங்கள் அதைவிடச் சற்றுத் தாழ்வாக இருந்தாலும் தென்மேற்குப் பருவ மழை முழுதாக உங்கள் கூரைமேல்தான் இறங்குகிறது. சாடியில் வைத்துக் கூரைச் சார்ப்பின் கீழ் காப்பாற்றலாம், ஆனால் வெயில் காணாத செடி பூக்க மறுக்கும். பூவுக்காக வளர்க்கும் செடி பூக்காமல் நின்றால் யாருக்கு என்ன லாபம்?

ஊவாப் பக்கம் கதை வேறு. வெலிமடை, பண்டாரவளை, பதுளைக்கு மழை பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து தை வரை வருகிறது. ஆனி, ஆடியில் மலையின் அந்தப் பக்கம் மழை கொட்டும்போது இந்தப் பக்கம் காய்ந்த காற்று வீசும். பதுளைக்குக் கீழே, வெயில் விழும் சரிவில், சரளை மண்ணில் நடுவதானால் தயங்க வேண்டியதில்லை. பண்டாரவளை உயரத்தில் முயன்று பார்க்கலாம், கீழ்நாட்டுப் பூப்பை எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் சொந்தக்காரர் யாராவது அந்தப் பக்கம் இருந்தால் இதைச் சொல்லுங்கள்: விதையின் தோல் கெட்டியானது, அப்படியே போட்டால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். அரத்தாளில் ஒரு பக்கம் இலேசாகத் தேய்த்து, சுடுநீர் ஊற்றி, ஓர் இரவு ஊறவிட்டுப் பையில் ஊன்ற வேண்டும். பையிலிருந்து நிலத்துக்கு மாற்றுவது மாசியில், பெருமழை ஓய்ந்த பிறகு. ஆணிவேர் உடைந்தால் செடி தேறாது, ஆகவே பையைக் கிழித்து மண்கட்டியோடு இறக்க வேண்டும். குழியில் சாணமும் யூரியாவும் கொட்டத் தேவையில்லை. கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் கலந்தால் புளித்த மண்ணுக்கு நல்லது. அவரைக் குடும்பம்தானே, மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்குமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆவாரைப் பேரினத்தின் வேரில் தழைச்சத்தைப் பிடித்துவைக்கும் முடிச்சுகள் வருவதில்லை. அந்த ஆசை வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் உண்மையில் கேட்க வந்தது: அம்மாவின் சீனி. ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று பழமொழி கேட்கிறது. கண்டதுண்டு. ஆவாரை பூக்கும் ஊர்களிலும் சுடுகாடு இருக்கிறது. சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்குக் கொடுக்கும் ஆவாரைக் குடிநீரில் ஆவாரை தனியாக வேலை செய்வதில்லை. கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோட்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை என்று கூட்டாளிகள் சேர்ந்த கணக்கு அது. அதை அளந்து கொடுப்பவர் ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பார். ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஆவாரைப் பூச்சாறு இரத்தத்தில் சீனியைக் குறைத்திருக்கிறது. எலியில் கண்டதை வைத்து மனிதருக்கு மாத்திரையை நிறுத்திவிட முடியாது.

மற்றப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நம் நாட்டு மூலிகைகளைச் சோதித்து 1981இல் எழுதிய கட்டுரையில், கிலுகிலுப்பை இனம் ஒன்றைப் பற்றிச் சொன்ன அதே ஈரல் நச்சை ஆவாரையிலும் கண்டதாகப் பதிவு செய்திருக்கிறார்கள். எலிகளின் ஈரலில் பாதிப்பும் தெரிந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக எப்போதாவது ஒரு கோப்பை குடித்தவர்களைப் பார்த்து நான் பயப்படவில்லை. காலை மாலை, ஆண்டு முழுக்க, மருந்தென்று நினைத்துக் குடிப்பவரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. 2004இல் வெளிவந்த இன்னோர் இலங்கை ஆய்வு, வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெப்பீன் மருந்தோடு ஆவாரைத் தேநீரும் சேர்ந்தபோது எலிகளின் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறக்குறைய பாதிப்பங்கு கூடியதைக் காட்டியது. வீட்டில் வலிப்பு மருந்து எடுப்பவர் இருந்தால் அவருக்கு இந்தத் தேநீர் அறவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் ஈரல் நோயாளிகளுக்கும் அப்படியே.

அம்மா எடுப்பது மெட்போமின் மட்டுமா, கிளிக்லசைட் போன்ற மாத்திரையும் உண்டா என்று அட்டையைப் பாருங்கள். இரண்டாவது வகை தானாகவே சீனியை இழுத்து இறக்கக்கூடியது. அதோடு இதுவும் சேர்ந்து, அம்மா இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறவராக இருந்து, காலையில் வெறும் தேயிலைச் சாயத்தைக் குடித்துவிட்டு மலை ஏறினால், பத்து மணி வெயிலில் கை நடுங்கி வியர்த்து விழும் ஆபத்து இருக்கிறது. சட்டைப் பையில் இரண்டு டொபி எப்போதும் இருக்கட்டும், தேநீர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும்.

எனக்குக் கேட்டால், ஆவாரையைத் தேடுவதற்கு முன் அம்மாவின் ஒரு நாளைத் தேநீர்க் கணக்கை எடுப்பேன். வேலைக்கு முன், வேலைத்தலத்தில், பகலுக்குப் பின், மாலையில் என்று ஒவ்வொரு கோப்பையிலும் எத்தனை கரண்டி சீனி? அதோடு கோதுமை மா ரொட்டி எத்தனை? அந்த இடத்தில் ஒரு கை குறைத்தால் எந்தப் பூவும் செய்யாத வேலை நடக்கும். கருப்பட்டி கடித்துக்கொண்டு ரணவரா குடிப்பது சீனி வியாதிக்காரருக்கு என்ன வைத்தியம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அம்மா ஆசைப்பட்டால், ஹட்டன், பண்டாரவளை, பதுளைக் கடைகளில் பக்கெட்டில் ரணவரா என்று கேட்டு வாங்குங்கள். தூள் வேண்டாம், முழுப் பூவாகக் காய்ந்தது நல்லது, பார்த்தால் அடையாளம் தெரியும். பூஞ்சணம் மணத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மலைநாட்டு ஈரத்தில் அது சீக்கிரம் பிடித்துவிடும். நாட்டு மருந்துக் கடையில் நிலாவாரை என்று ஒன்றும் விற்பார்கள். பெயர் ஒட்டியிருக்கிறது, ஆனால் அது திருநெல்வேலிப் பக்கம் பயிராகும் பேதி இலை, அதைத் தவறிப்போய்த் தந்துவிடாமல் பாருங்கள். ஒரு தேக்கரண்டிப் பூ, ஒரு கோப்பை கொதிநீர், ஐந்து நிமிடம் மூடி வைத்து வடித்தால் போதும், நெடுநேரம் காய்ச்சிச் சுண்டவைக்க வேண்டாம். வாரத்தில் ஒன்றிரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். மாத்திரை ஒன்றைக்கூட விடக் கூடாது. அடுத்த கிளினிக் நாளில் அந்தப் பக்கெட்டையே கையில் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் மூலிகை குடிப்பதை டொக்டரிடம் மறைப்பது ஏச்சுக்குப் பயந்துதான். ஏசினால் ஏசட்டும், பதிவுக் கொப்பியில் அதையும் எழுதிவிட்டு ஈரல், சிறுநீரகப் பரிசோதனைக்கும் ஒரு துண்டு கேட்டு வாங்கி வாருங்கள்.